ஒலிக்கும் மணியும் ஓடிவரும் காவலும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கும் என் மகளின் வீட்டில் இரண்டு மாதங்கள் தங்கியிருந்தேன். சென்ற முதல் வாரம். இரவும் பகலும் இடம் மாறியிருந்ததால் விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. சற்றுக் காற்று வாங்கலாம் என்று கொல்லைப்புறக் கதவைத் திறந்தேன். அடுத்த அரை நிமிடத்தில் வீடே அதிரும்படி எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. மகள் இரவுப் பணியில் இருந்தாள். மருமகன் வெளியூர் சென்றிருந்தார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் நான் திகைத்து நின்றேன். கால் மணி நேரத்தில் வாசலில் இரண்டு காவலர்கள் வந்து நின்றனர்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். என் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். புன்னகையோடு விடைபெற்றுச் சென்றார்கள். இரண்டு வாரம் கழித்து நகர நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. குறிப்பிட்ட அனுமதி எண்ணுக்குரிய வீட்டில் இந்த ஆண்டின் முதல் பொய் எச்சரிக்கை பதிவாகியுள்ளது என்றும், மூன்றைக் கடந்தால் அபராதம் உண்டு என்றும் அதில் எழுதியிருந்தது. "நம் வீட்டைப் பாதுகாத்துக்கொள்ள நகராட்சியிடம் அனுமதியா, அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டுமா?" என்று மகளிடம் கேட்டேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்த ஒருவர் கேட்டிருக்கக் கூடாத கேள்வி அது. கதவுக்குப் பூட்டு மாட்ட அந்த நகரிலும் அனுமதி தேவையில்லை. மற்றவர்களின் வரிப்பணத்தில் இயங்கும் காவலர்களை ஓடிவரச் செய்யும் மணிக்குத்தான் அனுமதி தேவை. பூட்டின் செலவு முழுவதும் பூட்டுபவரைச் சேர்ந்தது. மணியின் செலவில் ஒரு பகுதி ஊரைச் சேர்ந்தது. இந்த வேறுபாட்டிலிருந்துதான் அமெரிக்க, கனடா நகரங்கள் பலவற்றில் நடைமுறையில் உள்ள எச்சரிக்கை மணி அனுமதி முறை பிறந்தது. நம்மில் பலரின் பிள்ளைகள் இன்று அத்தகைய நகரங்களில் வீடு வாங்கி வாழ்கிறார்கள். அந்த வகையில் இது நமக்கு முற்றிலும் அந்நியமான செய்தியும் அல்ல.

முதலில், இந்த மணி செயல்படும் விதத்தைப் பார்ப்போம். கதவு, சன்னல்களில் சிறு சென்சார்கள் பொருத்தப்படுகின்றன. அறைக்குள் நடமாட்டத்தைக் கண்டறியும் கருவி ஒன்றும் இருக்கும். இவற்றில் ஏதேனும் ஒன்று தூண்டப்பட்டால், தொலைவில் உள்ள தனியார் கண்காணிப்பு மையம் ஒன்றுக்குச் சமிக்ஞை செல்லும். அங்குள்ள ஊழியர் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைப்பார். பதில் இல்லையென்றாலோ, சரியான இரகசியச் சொல் கிடைக்கவில்லையென்றாலோ காவல் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் தருவார். இந்தச் சேவைக்கு வீட்டுக்காரர் மாதச் சந்தா செலுத்துகிறார்.

இது புதிய ஏற்பாடு அன்று. மின்காந்தத்தால் இயங்கும் திருட்டு எச்சரிக்கைக் கருவிக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் 1853ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ், நியூயார்க் நகரில் வீடுகளையும் கடைகளையும் கம்பி வழியே ஒரு மைய நிலையத்தோடு இணைத்து அதை ஒரு தொழிலாக வளர்த்தார். தொடக்கத்தில் இது செல்வந்தர்களின் வசதியாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கருவியின் விலை வீழ்ந்ததும் நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்கும் வந்தது. மணிகள் பெருகின, ஆனால் அவை அழைக்கும் காவலர்கள் அதே வேகத்தில் பெருகவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

சிக்கலின் அளவைச் சில எண்கள் காட்டும். அமெரிக்க நீதித்துறையின் கீழ் இயங்கும் சமூகக் காவல் அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டி ஒன்று, காவல்துறைக்கு வரும் திருட்டு எச்சரிக்கைகளில் 94 முதல் 98 விழுக்காடு வரை பொய்யானவை என்று கூறுகிறது. 2002ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கக் காவலர்கள் ஏறத்தாழ 3 கோடியே 60 லட்சம் எச்சரிக்கைகளுக்காக ஓடினர் என்றும், அதற்கு ஆன செலவு சுமார் 180 கோடி டாலர் என்றும் அது மதிப்பிட்டது. வகுத்துப் பார்த்தால் ஓர் ஓட்டத்துக்கு 50 டாலர்.

ஆனால், பணக் கணக்கைவிட நேரக் கணக்கே முக்கியமானது. ஓர் எச்சரிக்கைக்கு வழக்கமாக இரண்டு காவலர்கள் செல்கிறார்கள். ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஆகின்றன. ஒரு நகரில் ஆண்டுக்கு 30,000 எச்சரிக்கைகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 20,000 மணி நேரக் காவலர் உழைப்பு தேவை. ஒரு காவலர் ஆண்டுக்கு 1,800 மணி நேரம் பணியாற்றுவதாகக் கொண்டால், பதினொரு காவலர்கள் ஆண்டு முழுவதும் வேறெந்த வேலையும் செய்யாமல் ஒன்றும் நடக்காத வீடுகளின் கதவுகளைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பொருள். அதே நேரத்தில் கணவனின் அடிக்கு அஞ்சி அறைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பெண்ணோ, சாலையில் அடிபட்டுக் கிடக்கும் ஒருவரோ அவசர எண்ணை அழைத்துவிட்டுக் காத்திருக்கலாம். நான் கதவைத் திறந்த அந்த விடியற்காலையில் அந்த நகரில் வேறு யாருக்கு அந்த இரண்டு காவலர்கள் தேவைப்பட்டார்களோ, எனக்குத் தெரியாது. தெரியாமல் போவதுதான் இச்சிக்கலின் இயல்பு. வீணான நேரத்தின் விலையைக் கொடுப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இவ்வளவு பொய் எச்சரிக்கைகளுக்குக் காரணம் கருவியின் தரக்குறைவுதான் என்று எண்ணத் தோன்றும். அது ஓரளவே உண்மை. ஒரு வீட்டின் கதவு நாளொன்றுக்குப் பத்து முறை திறக்கப்படுகிறது என்றால், ஆண்டுக்கு 3,650 முறை. ஆயிரத்தில் ஒரு முறை மட்டுமே தவறு நேர்ந்தாலும் ஆண்டுக்கு மூன்று, நான்கு பொய் எச்சரிக்கைகள் வந்துவிடும். ஆனால், அதே வீட்டுக்குத் திருடன் வருவது பல பத்தாண்டுகளுக்கு ஒரு முறை நிகழலாம். ஒருபோதும் நிகழாமலும் போகலாம். அரிதாக நடக்கும் ஒன்றைத் தேடும் எந்தக் கருவியும், அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உண்மையைவிடப் பொய்யையே அதிகம் சொல்லும். அரிய நோய்க்காக ஊர் முழுவதையும் பரிசோதிக்கும் மருத்துவர்களும் இதே இடரைச் சந்திக்கிறார்கள். இது புள்ளியியலின் விதி.

பொய் எச்சரிக்கைகளில் பெரும்பகுதி மனிதப் பிழையால் நேர்பவை. மறந்துபோன இரகசிய எண், விவரம் அறியாத விருந்தாளி, வீட்டு வேலைக்கு வந்தவர், பூட்டாமல் விட்ட சன்னல், நடமாடும் வளர்ப்பு நாய், தீர்ந்துபோகும் பேட்டரி, பிறந்தநாள் முடிந்து குளிர்காற்றில் மிதக்கும் பலூன் என்று பட்டியல் நீளும். இவற்றில் பலவற்றைச் சிறிது கவனத்தால் தவிர்க்கலாம். பிறகு ஏன் தவிர்ப்பதில்லை? தவிர்க்காமல் இருப்பதால் நமக்கு எந்த இழப்பும் இல்லை என்பதால்தான்.

நம் செயலின் செலவைப் பிறர் சுமக்கும் நிலையைப் பொருளியலில் 'புறவிளைவு' என்கிறோம். ஆலை வெளியேற்றும் புகை இதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு. அத்தகைய செலவை வரியாகவோ கட்டணமாகவோ அதை ஏற்படுத்தியவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும் என்று ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஆர்தர் பிகூ 1920ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். எச்சரிக்கை மணியில் இந்தப் புறவிளைவு இன்னும் சற்றுச் சிக்கலானது. கண்காணிப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளரிடம் சந்தா பெறுகிறது. ஆனால், அந்தச் சேவையின் மிக விலையுயர்ந்த பகுதியான காவலரின் வருகையை அரசு இலவசமாக அளிக்கிறது. கண்காணிக்கப்படும் மணி இல்லாத குடும்பங்களே எண்ணிக்கையில் மிகுதி. அவர்களின் வரிப்பணமும் இதில் சேர்கிறது. அதாவது, மணி இல்லாதவர்கள் மணி உள்ளவர்களுக்கும், அதைவிட முக்கியமாக மணி விற்கும் நிறுவனங்களுக்கும் மானியம் அளிக்கிறார்கள். டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எர்வின் பிளாக்ஸ்டோன், சைமன் ஹக்கீம் ஆகிய பொருளியல் பேராசிரியர்கள் இந்த வாதத்தை நெடுங்காலமாக முன்வைத்து வருகின்றனர்.

அனுமதி முறை இந்த மானியத்தைக் குறைப்பதற்கான முதல் முயற்சி. மணி பொருத்தியவர் தன் பெயர், முகவரி, கண்காணிப்பு நிறுவனத்தின் பெயர், தாம் இல்லாதபோது சாவியோடு வரக்கூடிய ஒருவர் அல்லது இருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை நகர நிர்வாகத்திடம் பதிவு செய்ய வேண்டும். பொதுவாக ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வீடு மாறினால் பழைய அனுமதி கூடவே வராது. புதிதாகப் பெற வேண்டும். அனுமதி இல்லாத வீட்டில் மணி ஒலித்தால் சில நகரங்களில் கூடுதல் அபராதம். சில நகரங்களில் காவலர் வருகையே இல்லை.

இதில் நகரங்கள் எல்லை மீறாமல் இருக்க டெக்சஸ் மாநிலச் சட்டம் சில வரம்புகளை வகுத்திருக்கிறது. வீட்டுக்கான அனுமதிக் கட்டணம் ஆண்டுக்கு 50 டாலரைத் தாண்டக் கூடாது. பன்னிரண்டு மாதங்களில் முதல் மூன்று பொய் எச்சரிக்கைகளுக்கு அபராதம் விதிக்கக் கூடாது. அதன்பின் எண்ணிக்கை ஏற ஏற அபராதமும் படிப்படியாக ஏறலாம். இன்னொரு விதி என்னை மிகவும் கவர்ந்தது. தகவல் கிடைத்த முப்பது நிமிடங்களுக்குள் நகரத்தின் காவலர்கள் வந்து பார்த்திருந்தால்தான் அதைப் பொய் எச்சரிக்கை என்று கணக்கில் சேர்க்க முடியும். தாமதமாக வந்துவிட்டு, "இங்கே ஒன்றும் நடக்கவில்லை" என்று அபராதம் போட முடியாது. திருடன் அதற்குள் போயிருக்கலாம் அல்லவா? குடிமகனுக்குப் பொறுப்பைச் சுமத்தும் சட்டம் அரசுக்கும் ஒரு கடமையைச் சுமத்துகிறது.

சரி, அனுமதியும் அபராதமும் சிக்கலைத் தீர்த்துவிட்டனவா? ஓரளவு குறைத்தன, தீர்க்கவில்லை. காரணம் எளியது. ஆண்டுக்கு 50 டாலர் நிலைக் கட்டணம் ஒருவரின் நடத்தையை மாற்றாது. கவனமாக இருப்பவரும் கவனமின்றி இருப்பவரும் அதே தொகையைத்தான் செலுத்துகிறார்கள். அது பதிவுக்கான செலவை ஈடுகட்டும், யாரை அழைப்பது என்ற தகவலைக் காவல்துறைக்குத் தரும், அவ்வளவே. மூன்று முறைக்குப் பின் வரும் அபராதம் அடிக்கடி தவறு செய்யும் சிலரைத் திருத்தும். ஆனால், இலட்சக்கணக்கான வீடுகளில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு என நேரும் பொய் எச்சரிக்கைகள் அபராத எல்லைக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. மொத்தச் சுமையில் பெரும்பகுதி அவற்றால் ஆனதாக இருக்கும்போது, வீட்டுக்காரரை மட்டும் குறிவைக்கும் முறையால் அதிக பயன் விளையாது.

இங்கேதான் இன்னொரு கருத்து உதவுகிறது. அமெரிக்கச் சட்ட அறிஞர் கைடோ கலப்ரேசி 1970ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், விபத்தின் செலவை அதை மிகக் குறைந்த செலவில் தவிர்க்கக்கூடியவர் மீது சுமத்துவதே சமூகத்துக்கு நன்மை என்று விளக்கினார். பொய் எச்சரிக்கையை மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியவர் யார்? விருந்தாளியாக வந்த முதியவரா? எந்தச் சென்சாரை எங்கே பொருத்துவது, வாடிக்கையாளருக்கு எப்படிக் கற்பிப்பது, காவல்துறையை அழைக்கும் முன் எத்தனை பேரைக் கேட்பது என்பதையெல்லாம் முடிவு செய்யும் நிறுவனமா? இரண்டாவதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அன்று கண்காணிப்பு மையத்திலிருந்து என் மகளின் எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. பணியில் இருந்த அவள் எடுக்கவில்லை. இரண்டாவதாக மருமகனை அழைத்திருந்தால் அவர், "அது என் மாமனார்" என்று சொல்லியிருப்பார். காவலர்கள் வந்திருக்க வேண்டியதே இல்லை.

இந்த 'இரண்டாவது அழைப்பு' இன்று பல இடங்களில் கட்டாயமாகிவிட்டது. காவல்துறைக்குத் தகவல் தருவதற்கு முன் வீட்டுக்கு ஓர் அழைப்பு, அது பயன்படாவிட்டால் இன்னோர் எண்ணுக்கு ஓர் அழைப்பு என்ற முறையை ஃபுளோரிடா மாநிலம் சட்டமாகவே இயற்றியிருக்கிறது. நிறுவனத்துக்கு ஆகும் செலவு ஒரு தொலைபேசி அழைப்பு. ஊருக்கு மிஞ்சுவது இரண்டு காவலர்களின் இருபது நிமிடங்கள்.

சில நகரங்கள் இன்னும் ஒருபடி மேலே சென்றன. யாரேனும் நேரில் பார்த்தோ, காணொளி மூலமோ உறுதி செய்த பிறகே காவலர் வருவார் என்று விதி வகுத்தன. லாஸ் வேகஸ் 1991ஆம் ஆண்டிலேயே இம்முறைக்கு மாறியது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் சால்ட் லேக் சிட்டி இதைப் பின்பற்றியதும், காவலர்கள் ஓட வேண்டிய எச்சரிக்கைகள் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தன. கனடாவின் டொரண்டோ 2018இல் இம்முறைக்கு வந்தது. சியாட்டில் காவல்துறைக்கு 2023இல் சுமார் 13,000 எச்சரிக்கை அழைப்புகள் வந்தன. அவற்றில் குற்றம் என்று உறுதியானவை 4 விழுக்காட்டுக்கும் குறைவு. காவலர் பற்றாக்குறையில் தவித்த அந்நகரம், ஒலி, காணொளி, நேரில் கண்டவர் என ஏதேனும் ஒரு சான்று இருந்தால்தான் காவலர் அனுப்பப்படுவார் என்று 2024 அக்டோபர் முதல் அறிவித்தது. அபாயப் பொத்தானை ஒருவர் தாமே அழுத்தினால் அதுவே சான்றாகக் கொள்ளப்படும்.

அபராதத்தை நிறுவனத்தின் மீதே விதிக்கும் முறையும் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தின் சாண்டி ஸ்பிரிங்ஸ் நகரம் அவ்வாறு செய்தபோது, நிறுவனங்களின் சங்கம் நீதிமன்றம் சென்றது. வாடிக்கையாளர் செய்த தவறுக்கு எங்களுக்கு ஏன் தண்டனை என்பது அவர்களின் வாதம். 2020இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பொய் எச்சரிக்கையைக் குறைப்பது நகரத்தின் நியாயமான நோக்கம் என்பது நிலைபெற்றது.

எதிர்வாதங்களையும் நேர்மையாக எடைபோட வேண்டும். "காவலுக்காகத்தானே வரி கட்டுகிறோம், பிறகு ஏன் தனிக் கட்டணம்?" என்பது முதல் வாதம். வரி, அனைவருக்கும் பொதுவான காவலுக்கு. ஒருவர் மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதைப் பயன்படுத்தினால் கூடுதல் பங்கு கேட்பது அநீதி ஆகாது. "மணிகள் திருட்டைக் குறைக்கின்றன, அதனால் அக்கம்பக்கத்தாரும் பயன்பெறுகிறார்கள்" என்பது இரண்டாவது. இதில் உண்மை இருக்கிறது. நியூவர்க் நகரை ஆராய்ந்த ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வு, மணிகள் பெருகிய பகுதிகளில் வீட்டுத் திருட்டுக் குறைந்ததாகக் கண்டது. எனவே, மணி பொருத்துவதையே தண்டிக்கும் அளவுக்குக் கட்டணம் உயரக் கூடாது. விலை வைக்க வேண்டியது பொய் எச்சரிக்கைக்கே, மணிக்கு அன்று.

மூன்றாவது வாதம் தகவல் பாதுகாப்பு பற்றியது. எந்த வீட்டில் மணி இருக்கிறது என்ற பட்டியல் வெளியானால், எந்த வீட்டில் இல்லை என்பதும் வெளியாகிவிடும். டெக்சஸ் போன்ற மாநிலங்கள் இத்தகவலைச் சட்டத்தால் இரகசியமாக்கியிருப்பது இதனால்தான். நான்காவது வாதமே கனமானது: சான்று கேட்கும் முறையால் எளியவர்கள் பாதிக்கப்படுவார்கள். பெரிய கடைக்காரர் தனியார் காவலாளியை அனுப்பிப் பார்த்துக்கொள்வார். காணொளிக் கருவி வாங்குவார். தனியே வாழும் மூதாட்டி என்ன செய்வார்? டாலஸ் நகரம் 2006இல் வணிக நிறுவனங்களுக்கு மட்டும் இம்முறையைக் கொண்டுவந்து, எதிர்ப்பின் காரணமாகச் சில ஆண்டுகளில் கைவிட்டது. சான்று கேட்கும் முறை காவலர்களின் நேரத்தை மீட்கிறது. ஆனால் சரிபார்க்கும் செலவைத் தனிமனிதரிடம் தள்ளுகிறது. அதைத் தாங்க முடியாதவருக்கு ஒரு மாற்று வழி வைக்காத நகரம், ஓர் அநீதியை நீக்கி இன்னொன்றை நடுகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும் முடிவு இது. அனுமதி வேண்டும்; ஆனால் அது வருவாய்க்கான வழியாக அன்றி, பதிவேடாகவே இருக்க வேண்டும்; கட்டணம் பதிவுச் செலவைத் தாண்ட வேண்டியதில்லை. தவறும் வீட்டுக்காரருக்கு முதலில் அறிவுரை, பிறகே அபராதம். முதன்மைப் பொறுப்பு, மாதந்தோறும் சந்தா பெறும் நிறுவனத்தைச் சேர வேண்டும். இரண்டாவது அழைப்பு அதன் கட்டாயக் கடமையாக வேண்டும். அபாயப் பொத்தானை மனிதர் ஒருவர் அழுத்தும்போது மட்டும் எந்தக் கேள்வியும் இன்றிக் காவல் ஓடிவர வேண்டும். இயந்திரத்தின் ஐயத்தையும் மனிதரின் அபயக் குரலையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

'புலி வருகிறது' என்று பொய்யாகக் கத்திய சிறுவனின் கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அந்தக் கதையில் பொய் சொன்னவனே புலிக்கு இரையானான். அதனால் அது நீதிக்கதை ஆயிற்று. பொய் மணியின் கதை அப்படி முடிவதில்லை. ஒரு வீட்டு மணி பொய் சொல்ல, வேறொரு வீட்டில் உண்மையாகவே அலறும் ஒருவர் காத்திருக்க நேர்கிறது. நம் தெருக்களில் நள்ளிரவில் ஏதோ ஒரு காரின் எச்சரிக்கை ஒலி அலறும்போது, யாரும் சன்னலைக்கூடத் திறப்பதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

அன்று விடைபெறும்போது அந்த இளம் காவலரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா, இன்றிரவு இது எங்களுக்கு நான்காவது வீடு" என்றார் அவர். மகளின் வீட்டில் இப்போது கதவருகே ஒரு தாளில் மணியை நிறுத்தும் முறை பெரிய எழுத்தில், தமிழில், ஒட்டப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு 50 டாலர் அனுமதிக் கட்டணம் செய்யாததை அந்தத் தாள் செய்திருக்கிறது.